கற்பூரம் அணைத்த கம்பெனி

கோவிந்தராஜுலு மைசூர்பா டப்பாவோடு மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததுமே பாலகோபாலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மில்லை மூடியவர்கள் அத்தனை பேரும் இனிப்போடுதான் வந்தார்கள். முதல் மில்காரர் ஜிலேபி கொண்டுவந்தார். நான்காமவருக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே காரச்சேவு. கெட்ட சேதியை வெறுங்கையோடு சொல்லும் பழக்கம் கோயமுத்தூர்ப் பக்கம் கிடையாது. கோவிந்தராஜுலுவினுடையது ஆறாவது மில். பாலகோபாலின் கம்ப்யூட்டர் புரோகிராமை வாங்கியவற்றில் கடைசி மில்லும் அதுதான்.

"உக்காருங்க மாமா" என்றார் பாலகோபால்.

"உக்காரத்தான் வந்திருக்கறேன் பாலு. இனி எனக்கு வேற என்ன வேலை? உன்ற புரோகிராமு அருமையா ஓடுது. ஒரு கொறை சொல்ல முடியாது. நேத்துப் பொழுதோட மில்லைச் சாத்திப்போட்டேன்."

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பிக் கட்டடத்தின்மீது போயிற்று. வழக்கம்போல இருவரும் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"உன்ற பசங்க தப்பே பண்ணமாட்டாங்களா பாலு?"

"மாட்டாங்க மாமா."

"ஒரே ஒரு தப்புப் பண்ணியிருந்தாக்கூட இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருப்பேன்" என்று சொல்லி, டப்பாவைத் திறந்து, முதல் துண்டைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அறையின் மறுபக்கத்தில் நான்கு கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் அப்படித்தான். பெரியவர்கள் பேசும்போது காது கேட்காததுபோல் இருக்கத் தெரிந்தவர்கள். அந்த நான்கு பேரைச் சேர்ப்பதற்குத்தான் பாலகோபால் தன் ஆயுளில் மூன்று வருடத்தையும் தலைமுடியில் முக்கால்வாசியையும் செலவழித்திருந்தார்.

புரோகிராம் செய்தது ஒன்றும் பெரிய மாயம் இல்லை. ஷிப்டுக்கு ஷிப்டு எந்த மிஷினில் எத்தனை தடவை நூல் அறுந்தது, தரையில் எவ்வளவு கழிவுப் பஞ்சு கூட்டினார்கள், எத்தனை பொதி பஞ்சு உள்ளே வந்தது என்று போட்டுக்கொண்டே வந்தால், மூன்றாவது மாதம் அது மில்லின் உண்மையைச் சொல்லிவிடும். மில் முதலாளிகள் இதைக் கேட்டபோது சந்தோஷமாகத்தான் வாங்கினார்கள். உண்மை வந்தபோதுதான் சிக்கல். பழைய கணக்கையும் போட்டதில், முதல் மில் பதினொரு வருடமாக நூல் நூற்கவே இல்லை, நல்ல பஞ்சை வாங்கித் தூசியாக மாற்றும் வேலையைத்தான் மூன்று ஷிப்டாகச் செய்துகொண்டிருந்தது என்று புரோகிராம் காட்டியது. அந்த மனிதர் அச்சடித்த காகிதத்தை இரண்டு நாள் பூஜையறையில் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மூடினார். பதினொரு வருடம் தெரியாமல் ஓடிய மில், தெரிந்த பிறகு பதினொரு நாள்கூட ஓடவில்லை. மற்ற மில்களும் அதே கதை, மாதம்தான் வேறு. இந்தத் தொண்ணூற்று ஒன்பதாம் வருடத்தில் பாலகோபாலின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே மில் வாட்ச்மேன்கள் கேட்டைச் சாத்தினார்கள். பல்லடம் பக்கம் ஒரு முதலாளி, இவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, தான் செத்துப்போனதாகவே சொல்லச் சொல்லிவிட்டார். பாலகோபால் மாலை வாங்கிக்கொண்டு போனதில் அந்த மனிதருக்குப் பெரிய சங்கடம்.

ஆரம்பத்தில் பாலகோபாலின் கவலை வேறாக இருந்தது. ஆள் நிற்கவில்லை. நாட்டில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போய், வருடம் ரெண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்கு நாள் குழம்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்த காலம். முதலில் சேர்த்த ஐந்து பேரிடமும் முத்திரைத்தாளில் பத்திரம் எழுதி வாங்கினார். ஒருவன், நல்ல தாள் என்று, அதே பத்திரத்தின் பின்பக்கத்தில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தான். இன்னொருவன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினான். பதினெட்டாம் நாள் நியூஜெர்சியிலிருந்து போன் செய்து, "டீ இங்க நல்லாவே இல்லீங்க சார்" என்றான்.

அப்போதுதான் ஐயாசாமி வாய் திறந்தார். ஐயாசாமி, பாலகோபாலின் அப்பா மில்லில் ஆள் சேர்க்கும் மேஸ்திரியாக இருந்தவர். அந்த மில் மூடிய பிறகும் வீட்டுக்குப் போகாமல், அதன் நூல் குடோன் மாடியில் நடக்கிற இந்தக் கம்பெனிக்கும் தானே மேஸ்திரி என்று முடிவு செய்து, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டவர்.

"பத்திரத்துக்குப் பயப்படறவன் இந்த ஜில்லாவுல எவனுமில்லீங்க மொதலாளி. கருப்பராயனுக்குப் பயப்படாதவன் எவனுமில்லீங்க. கூட்டிட்டுப் போயி கற்பூரத்தை அணைக்கச் சொல்லுங்க."

பாலகோபால் பொறியியல் படித்தவர். பத்து நிமிடம் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாகச் சேர்த்த நால்வரையும் குளத்தங்கரைக் கருப்பராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

இளவேனில், கௌதமன், யுவஸ்ரீ, தமிழ்ச்செல்வன். தமிழ்ச்செல்வன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். "பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேனுங்க" என்று போய், பக்கத்தில் சும்மா நின்றால் பாவமில்லை என்று அனுமதி வாங்கி வந்தான். கடைசியில் எரிகிற கற்பூரத்தை முதலில் உள்ளங்கையால் அடித்து அணைத்தவன் அவன்தான். "கம்பெனி இருக்கற வரைக்கும் நாங்க உட்டுட்டுப் போகமாட்டோமுங்க" என்று நால்வரும் சொன்னார்கள். கிளம்பும் நேரத்தில் ஐயாசாமி கைகாட்டி நிறுத்தினார். ஒருபக்கச் சத்தியத்தைக் கருப்பராயன் ஏற்பதில்லையாம். முதலாளியும் அணைக்க வேண்டும். பாலகோபால் அந்த உற்சாகத்தில், "உங்கள்ல ஒருத்தர் இருந்தாலும் நான் கம்பெனியை மூடமாட்டேன்" என்று சொல்லி ஓங்கி அடித்தார். மீறுகிறவர் வீட்டைச் சத்தியம் பிடிக்கும் என்று பூசாரி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி வைத்தார். ஐயாசாமி மட்டும் அணைக்கவில்லை. சத்தியம் வாங்குகிறவன் சத்தியம் செய்யக்கூடாதாம்.

அதன்பிறகு அப்படி ஒரு கூட்டம் எந்தக் கம்பெனிக்கும் வாய்த்திருக்காது. யுவஸ்ரீ மில்லுக்குள் நுழைந்து சத்தத்தை வைத்தே எந்த மிஷின் பொய் சொல்கிறது என்று சொல்வாள். கௌதமன் ஒரு வரி எழுதுவதற்கு முன் மூன்று நாள் சுவரைப் பார்ப்பான். எழுதிய பிறகு அதை யாரும் திருத்த வேண்டியிருக்காது. எல்லோருக்கும் மேலே இளவேனில். யார் எதை எழுதினாலும் கடைசியில் அவளிடம்தான் வரும். ஆமாம் என்று பதில் வந்தால் அவள் திருப்தியடைய மாட்டாள். இல்லை என்றும் வரவைத்துப் பார்ப்பாள். "ஒரு பக்கம் சரியா வந்தா அது பாதிதானுங்க சார். மறுபக்கத்தையும் தெறந்து பாக்கோணும்" என்பாள். பண்ணைவேலை செய்த குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். அப்பா இல்லை. அம்மா பாவாத்தாளுக்குத் தறி வேலை.

இப்போது ஆறு மில்லும் மூடியாகிவிட்டது. ஏழாவது மில் வாங்காது. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த தென்னந்தோப்பு காய்த்த வரையில் சம்பளம் போட்டார். காய்ப்பு குறைந்த மாதம் சம்பளத்தோடு ஆளுக்குப் பத்துத் தேங்காய் கொடுத்தார். நால்வரும் "எதுக்குங்க சார் இதெல்லாம்" என்று கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு வந்தார்கள், ஆறு மணிக்குப் போனார்கள். இடையில், யாரும் வாங்காத அந்தப் புரோகிராமை இன்னும் சரியாக்கினார்கள். கம்பெனியை மூடினால் அவர்கள் போய்விடலாம். ஆனால் அவர்கள் இருக்கிற வரையில் இவர் மூட முடியாது. அவர்கள் போனால் இவர் மூடிவிடலாம். ஆனால் இவர் மூடுகிற வரையில் அவர்கள் போக முடியாது. ஆடி பிறந்தால் கௌதமனுக்கு இருபத்தெட்டு. மார்ச் மாதம் அவன் ஒரு தடவை துணிந்து பெட்டியோடு சென்னை பஸ் ஏறினான். அவிநாசி தாண்டுவதற்குள் நான்கு பஞ்சர். நான்காவதில் அவன் இறங்கிக்கொண்டதும் பஸ் விழுப்புரம் வரை பறந்ததாம், டிரைவருக்கே ஆச்சரியமாம். கௌதமன் மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் நாற்காலிக்கு வந்து, "பசிக்குதுங்க" என்றான். அதற்குமேல் யாருக்கும் சந்தேகமில்லை.

மைசூர்பா தீர்ந்த மறுநாள், வியாழக்கிழமை, பாவாத்தாள் வந்தாள். இருபது வருடம் தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகியவள். அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். பாலகோபாலின் மேஜை அருகே வந்து குனிந்து, தன்னளவில் மிக மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க சார், அவளுக்குத் தெரியாம வந்திருக்கறனுங்க."

இளவேனில் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். விசைப்பலகைச் சத்தம் நிற்கவில்லை.

"பெங்களூர்லருந்து காயிதம் வந்திருக்குதுங்க. செவ்வாக்கிழமை சேரச் சொல்லி. ரேசன் கடைக்காரர் படிச்சுச் சொன்னாருங்க. இவ அரிசி டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கறாளுங்க." மூச்சு இழுத்தது. தறித்தூசி பல வருடமாக அவள் நெஞ்சில் தங்கியிருந்தது. "நானு இன்னும் எத்தனை நாளைக்குங்க தறியில நிக்கறது? நீங்க ஒரு வார்த்தை போன்னு சொன்னா போயிருவாளுங்க."

"நான் தெனமும் சொல்றேனுங்க."

"சத்தமாச் சொல்லுங்க சார்!"

அவள் போன பிறகு பாலகோபால் எழுந்து போய் இளவேனிலின் பக்கத்தில் நின்றார். "போ அம்மணி" என்றார், சத்தமாகவே.

"நீங்க மூடிருங்க சார், போயிர்றேன்."

"நீ போ, மூடிர்றேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். "புரோகிராம்ல இப்பிடி வருமுங்க சார். ஒண்ணு நவுரட்டும்னு இன்னொண்ணு நிக்கும், அது நவுரட்டும்னு இது நிக்கும். கம்ப்யூட்டர் அப்படியே ஒறைஞ்சு போயிரும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வெளியிலிருந்து யாராச்சும் வந்து சுச்சை அமத்தோணுமுங்க."

வெளியிலிருந்து வருவதற்குக் கருப்பராயனை விட்டால் ஆளில்லை என்று ஐயாசாமி சொன்னார். "பூப்போட்டுக் கேட்டுப்போடலாமுங்க மொதலாளி. செவப்பு ஒரு பொட்டணம், வெள்ளை ஒரு பொட்டணம். வெள்ளை வந்தா சாமி சத்தியத்தை அவுத்துட்டுதுன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் தீந்துது. செவப்பு வந்தா..." என்று நிறுத்தினார். செவப்பு வந்தால் என்னவென்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ச்செல்வன் சர்ச் முடிந்து வந்ததும் போவதாக முடிவாயிற்று. பூ கொண்டுவரும் பொறுப்பை பாலகோபால் தானே ஏற்றுக்கொண்டார்.

அவர் வீட்டுக் காம்பவுண்டில் இரண்டு நிற அரளியும் உண்டு. ஞாயிறு காலை வாழையிலைத் துண்டுகளோடு அவர் செவ்வரளி மரத்தின் முன் நின்றார். வெள்ளை வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆறு மில் முதலாளிகளிடம் அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு தொழில் நடத்தாதீர்கள், உண்மையைப் பாருங்கள். அதே வாயால், இளவேனிலின் ஆயுளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தில் கட்டுவதா? செவப்பு வந்தால் அவள் அந்த நாற்காலியிலேயே நரைத்துவிடுவாள். பொய் சொன்னால் தன் வீட்டைப் பிடிக்கும். உள்ளே மகள் பூஜிதா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டு ஒரு நிமிடம் கை நின்றது. சாமி இல்லை என்று தனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். மூன்றாவது தடவை, இருந்தாலும் இதைப் புரிந்துகொள்ளும் என்று மாற்றிக்கொண்டார். வெள்ளை அரளிப் பக்கம் நகர்ந்து, ஒரே அளவில் இரண்டு பொட்டலம் கட்டினார். நூல் சுற்றுவதில் மில்காரர் மகன் அல்லவா, எது எதென்று அவருக்கே தெரியாத அளவுக்குக் கச்சிதம். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கோயிலில் பூசாரி இரண்டையும் தட்டில் போட்டுக் குலுக்கிச் சாமி முன்னால் வைத்தார். குளத்தங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் யோசித்து, ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

யுவஸ்ரீ அழுதுவிட்டாள். கௌதமன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தமிழ்ச்செல்வன் வானத்தைப் பார்த்தான், யாருக்கு நன்றி சொல்வது என்ற சந்தேகத்தோடு. ஐயாசாமி துண்டை உதறித் தோளில் போட்டு, "சாமின்னா சாமிதானுங்க" என்றார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக பாலகோபாலுக்கு மூச்சு முழுதாக உள்ளே போயிற்று. திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இளவேனில் தட்டின் அருகே உட்கார்ந்து மற்றப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சந்தேகப்பட்டுச் செய்யவில்லை. கை பழகியதைச் செய்தது, அவ்வளவுதான். வாழையிலை விரிந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பார்க்கும் முன் இலையை மடித்து, பழையபடி நூலைச் சுற்றி, தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். பாலகோபால் பக்கத்தில் வந்தபோது முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"உங்க ஊட்டு அரளிங்களா சார்? நல்ல வெள்ளைங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை பாலகோபால் படியேறும்போது, கீழே ஐயாசாமி விரல்விட்டுச் சொன்னார். கௌதமன் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான், பஞ்சர் எதுவும் ஆகவில்லை. யுவஸ்ரீ சென்னைக்கு. தமிழ்ச்செல்வன் ஹைதராபாத்தில் இருக்கும் அண்ணனிடம். மூவரும் ஐயாசாமியின் காலைத் தொட்டு விடைபெற்றுப் போனார்களாம். நான்காவது விரலை ஐயாசாமி மடக்கவில்லை; மாடியைப் பார்த்து மோவாயை அசைத்தார்.

இளவேனில் தன் இடத்தில் இருந்தாள்.

"ஏழு மணி பஸ்ஸு போயிருக்குமே அம்மணி."

"போயிருச்சுங்க சார்."

"இன்னும் பத்து மணிக்கு ஒண்ணு இருக்குது. நானே கொண்டுபோய் ஏத்தி உடறேன். அவங்க மூணு பேரும் போயிட்டாங்கல்ல? எதாச்சும் ஆச்சா?"

"ஆகாதுங்க சார். அவங்க தெரியாமப் போனாங்க." அவள் தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே."

பாலகோபாலுக்கு வீட்டுப் பேச்சான தெலுங்கு வந்தது. கோபத்தின் உச்சியில் வருவது அது. நான்கு வார்த்தை சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார். "அது வெறும் பூவும்மா. சாமியுமில்லை, ஒண்ணுமில்லை. பொட்டணத்தைக் கட்டுனதே நான்தான்."

"தெரியுமுங்க சார். நீங்க எனக்காகத்தான் கட்டுனீங்க. அம்மாவுக்கு இப்பவே ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்குதுங்க. நான் அங்க போயிச் சேந்த அன்னிக்கி எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அது தறித்தூசின்னு என்னால நெனைக்க முடியாதுங்க."

"மறுபடியும் கேக்கலாம். இந்தத் தடவை ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை. நீயே கட்டு."

அவள் அதை உண்மையிலேயே யோசித்தாள். அவள் இரண்டு பக்கத்தையும் யோசிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"வேண்டாமுங்க சார். செவப்பும் வருமுங்களே" என்றாள்.

விமானம் ஒன்று மேலே போயிற்று. சத்தம் அடங்கிய பிறகும் இருவருக்கும் விட்ட இடம் கிடைக்கவில்லை. கீழே ஐயாசாமி யாரிடமோ நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து ஆக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பாலகோபால் கௌதமனின் நாற்காலியில் உட்கார்ந்தார். இளவேனில் எழுந்து, ஒவ்வொரு மேஜையாகப் போய், மூடியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்து, நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். கருப்புத் திரைகள் நான்கிலும், இடது மூலையில், சின்ன வெள்ளைக் கோடு ஒன்று தோன்றி, மறைந்து, தோன்றி, யாராவது எதையாவது சொல்லட்டும் என்று மினுங்கிக்கொண்டிருந்தது.